வாடகைக்கு விட்ட வீட்டில் ஓனரே குடியேறினால்... வீட்டுக்கடன் நஷ்டம் என்னாகும்?

திருப்பூர்:

பனியன் தொழிலை நம்பி, பாங்கில் கடன் வாங்கி வீடு கட்டி வாடகைக்கு விட்டவர்கள் திருப்பூரில் ஏராளம். 2020 ஊரடங்கில் வெளிமாநில தொழிலாளர்கள் ஊருக்கு கிளம்பினார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர்களுக்கு அடி விழுந்தது. இந்த மாதிரி நேரத்தில் "வெளியே எதுக்கு வாடகை கொடுக்கணும், நம்ம வீட்டுக்கே போயிடலாம்" என்று ஓனர்களே குடியேறுவது உண்டு.

வாடகை மிச்சம்தான். ஆனால் வருமான வரி கணக்கே மாறிவிடும் என்பது பலருக்கு தெரிவதில்லை.

நஷ்டம் எப்படி வருகிறது?

உதாரணத்துக்கு, பல்லடம் ரோட்டில் ஒரு வீடு. மாத வாடகை ரூ.15 ஆயிரம். வருடத்துக்கு ரூ.1 லட்சத்து 80 ஆயிரம். கட்டிய சொத்து வரி ரூ.6 ஆயிரம் போக ரூ.1 லட்சத்து 74 ஆயிரம். இதில் 30 சதவீதம், அதாவது ரூ.52 ஆயிரத்து 200 பொது கழிவு. மீதி ரூ.1 லட்சத்து 21 ஆயிரத்து 800. கடன் வட்டி ரூ.4 லட்சம் என்றால் நஷ்டம் ரூ.2 லட்சத்து 78 ஆயிரத்து 200.

பழைய வரி முறையில் இருப்பவர் இதில் ரூ.2 லட்சத்தை சம்பளம் போன்ற மற்ற வருமானத்தில் கழிக்கலாம். மீதி ரூ.78 ஆயிரத்து 200-ஐ அடுத்த 8 ஆண்டுகளுக்கு கொண்டு போகலாம்.

பாதி வருடத்தில் குடியேறினால்...

அக்டோபரில் ஓனர் குடியேறுகிறார். 6 மாத வாடகைக்குத்தான் கணக்கு என்று நினைப்பார். அது தப்பு. வருடத்தில் கொஞ்ச நாள் வாடகைக்கு விட்டிருந்தாலும், அந்த வருடம் முழுவதும் அது வாடகை வீடுதான். அந்த ஏரியாவில் கிடைக்கக்கூடிய வாடகையை 12 மாதத்துக்கும் போட்டு கணக்கு பார்ப்பார்கள். ஆள் கிடைக்காமல் பூட்டிக் கிடந்த மாதங்களுக்கு சலுகை உண்டு. ஓனர் குடியிருந்த மாதங்களுக்கு கிடையாது.

வட்டி அதிகம் கட்டுபவருக்கு இது பெரிதாக உறைக்காது. கடன் முடியும் நிலையில் இருப்பவருக்குத்தான் அடி. கைக்கு வராத வாடகைக்கும் வரி கட்ட வேண்டி வரும். அவர்கள் நிதியாண்டு முடிந்து ஏப்ரல் 1-ந்தேதி குடியேறினால் இந்த சிக்கல் இல்லை.

அடுத்த வருடம்

முழு வருடமும் சொந்தமாக குடியிருந்தால் வாடகை மதிப்பு பூஜ்யம். 30 சதவீத கழிவும் இல்லை. பழைய முறையில் வட்டிக்கு அதிகபட்சம் ரூ.2 லட்சம் வரைதான் சலுகை. ரூ.4 லட்சம் வட்டி கட்டினால் மீதி ரூ.2 லட்சம் போனது போனதுதான். அதை அடுத்த வருடத்துக்கு கொண்டு போக முடியாது. கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து 5 ஆண்டுக்குள் வீடு கட்டி முடிக்காவிட்டால் சலுகை ரூ.30 ஆயிரம்தான்.

பாக்கி நிற்கும் பழைய நஷ்டம் ரூ.78 ஆயிரத்து 200? அதை வீட்டு வருமானத்தில் மட்டும்தான் கழிக்க முடியும். வேறு வாடகை வீடு இல்லாதவருக்கு அது பேப்பரில்தான் இருக்கும். 8 ஆண்டுக்குள் மறுபடி வாடகைக்கு விட்டு லாபம் வந்தால் பயன்படும். இல்லாவிட்டால் காலாவதி.

குடியேறும் முன் செய்யும் பெயிண்டிங், ரிப்பேர் செலவுக்கு தனி கழிவு இல்லை. வீட்டின் விலை இறங்கியிருந்தாலும் குடியேறுவதால் நஷ்டம் காட்ட முடியாது. விற்கும்போதுதான் அந்த கணக்கு வரும்.

புதிய முறையில்?

புதிய வரி முறையில் சொந்தமாக குடியிருக்கும் வீட்டுக்கு வட்டி சலுகையே கிடையாது. வாடகை வீட்டு நஷ்டத்தையும் சம்பளம், தொழில் வருமானத்தில் கழிக்க முடியாது. ஆனால் 2025-26 முதல் ரூ.12 லட்சம் வரையிலான சாதாரண வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் பலருக்கு அதுவே லாபமாக இருக்கலாம்.

சம்பளக்காரர்கள் வருடா வருடம் முறையை மாற்றிக்கொள்ளலாம். ஜாப் ஒர்க், பனியன் கம்பெனி என்று தொழில் வருமானம் உள்ளவர்கள் பழைய முறைக்கு போய் திரும்பினால், மறுபடி பழைய முறைக்கு போக முடியாது.

எனவே பால் காய்ச்ச நாள் குறிக்கும் முன், பாங்கில் வட்டி சான்றிதழ் வாங்கி ஆடிட்டரிடம் ஒரு முறை கணக்கு போட்டு பார்ப்பது நல்லது. வாடகை ஒப்பந்தம், காலி செய்த தேதிக்கான ஆதாரம், சொத்து வரி ரசீது ஆகியவற்றையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.