இரு நாடுகளுக்கு ஒரு கணக்கேடு

நுழையும்முன்

ஆய்வு என்றவுடன் நுண்ணோக்கியும் சோதனைக்குழாயும் நினைவுக்கு வருவது இயல்பு. நல்கை விண்ணப்பம், வரவு செலவு, ஒப்புதல் கடிதம், தணிக்கை ஆகியவை எளிதில் நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் இவை செம்மையாக நடைபெறாத இடத்தில் ஆய்வு நெடுநாள் நிலைப்பதில்லை. கென்யப் பல்கலைக்கழகம் ஒன்றும் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கைகோத்து நடந்துவரும் முறையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மேட்டுநில நகரில் ஒரு தொடக்கம்

கென்யாவின் மேற்குப் பகுதியில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் எல்டோரெட் நகரம் அமைந்துள்ளது. நெடுந்தொலைவு ஓட்ட வீரர்களை உலகிற்குத் தந்த மண் அது. 1984ஆம் ஆண்டு அப்பகுதியில் மோய் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. சில ஆண்டுகளில் அங்கு நாட்டின் இரண்டாவது மருத்துவப் பள்ளியைத் தொடங்கும் பணி நடைபெற்றது. அதே காலத்தில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக மருத்துவர்கள் சிலர், வளரும் நாடொன்றின் மருத்துவப் பள்ளியுடன் நீடித்த உறவை ஏற்படுத்திக்கொள்ள விரும்பினர். ஜோ மாம்லின், ராபர்ட் ஐன்டெர்ஸ் ஆகியோர் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள்.

விடுமுறைக் காலத்தில் வந்து சில நோயாளிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழக்கமான உதவியை அவர்கள் மேற்கொள்ளவில்லை. 1990 முதல் இந்தியானாவைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரேனும் எப்போதும் எல்டோரெட்டில் குடியிருப்பது என முடிவு செய்யப்பட்டது. அமெரிக்க மாணவர்கள் கென்யா செல்வதுபோலவே கென்ய மாணவர்களும் இந்தியானாவிற்குச் சென்று பயின்றனர். ஒருபுறம் கொடுப்போர், மறுபுறம் பெறுவோர் என்னும் நிலை உருவாகாமல் தடுத்தது இந்த இருவழிப் போக்குவரத்தே எனலாம்.

வார்டில் கிடந்த மாணவர்

1990களில் எய்ட்ஸ் நோய் அந்த மருத்துவமனையின் படுக்கைகளை நிரப்பியது. அக்காலத்தில் ஒருவருக்கு ஓராண்டு மருந்துக்கு ஆகும் செலவு 10,000 டாலரைத் தாண்டியது. 2000ஆம் ஆண்டில், மோய் மருத்துவப் பள்ளியில் பயின்ற மாணவர் ஒருவரே தாம் பயிற்சி பெற்ற மருத்துவமனையில் எய்ட்ஸ் நோயாளியாக, எலும்பும் தோலுமாகக் கிடந்தார். மாம்லின் அவருக்கு மருந்து கிடைக்க வழிசெய்தார். மாணவர் உடல் தேறி எழுந்தார். பின்னாளில் அத்திட்டத்திலேயே பணிபுரிந்தார்.

ஒருவருக்கு இயன்றது ஏன் அனைவருக்கும் இயலாது என்னும் கேள்வியிலிருந்து 2001இல் ‘ஆம்பாத்’ என்னும் கூட்டுத் திட்டம் பிறந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம், ஓராண்டுக்கான கூட்டு மருந்தை 350 டாலருக்கு வழங்க முன்வந்தது. ஆப்பிரிக்காவில் பெருந்திரளான மக்களுக்கு மருத்துவம் அளிக்கலாம் என்னும் நம்பிக்கைக்கு அந்த விலைச்சரிவு பெருந்துணையாயிற்று.

பண்டுவமே முதற்பணி, கல்வியும் ஆய்வும் அதனைத் தொடர்ந்து வருவன என்பது ஆம்பாத்தின் கொள்கை. ஆனால் பண்டுவம் பெருகப் பெருக ஆய்வும் பெருகியது. டொராண்டோ, பிரௌன், டியூக், பர்டியூ முதலிய பல்கலைக்கழகங்களும் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் தனக்கெனக் கேள்விகளையும் நல்கைகளையும் படிவங்களையும் கொண்டுவந்தது. ஆய்வு நிருவாகம் என்னும் தனித்துறையின் தேவை அப்போதுதான் வெளிப்படையாக உணரப்பட்டது.

நல்கை நடந்து வரும் பாதை

அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் ஓர் ஆய்வுக்கு நல்கை வழங்குகிறது என்று கொள்வோம். 2025 வரை பெரும்பாலும் இத்தகைய பணம் முதலில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தது. அதன் ஒரு பகுதி துணை நல்கை என்னும் பெயரில் கென்யாவிற்கு வந்தது. வந்ததும் முன்பணமாக வரவில்லை. முதலில் செலவு செய்து, பற்றுச்சீட்டுகளைத் தொகுத்து, விலைப்பட்டியல் அனுப்பிய பின்னரே பணம் பெறுவது பரவலான நடைமுறை. கையிருப்பு மிகுந்த நிறுவனத்திற்கு இது பொருட்டன்று. கையிருப்பு இல்லாத பல்கலைக்கழகத்தில், ஒரு விலைப்பட்டியல் பிழையாக எழுதப்பட்டுத் திரும்பி வந்தால் களப்பணியாளரின் ஊதியம் நின்றுவிடும். ஓரிரு மாதம் ஊதியம் கிடைக்காத செவிலியர் வேறு வேலை தேடிக்கொள்வார். அவரைப் பயிற்றுவித்த உழைப்பும் அவரோடு போய்விடும். கணக்கரின் மேசையில் நேரும் சிறு தவறு நோயாளியின் படுக்கைவரை நீள்வது இவ்வாறுதான்.

இவற்றோடு நாட்காட்டியும் ஒத்துப்போவதில்லை. கென்ய அரசின் நிதியாண்டு ஜூலையில் தொடங்குகிறது. அமெரிக்க நடுவணரசின் நிதியாண்டு அக்டோபரில் தொடங்குகிறது. நல்கை டாலரில் கணக்கிடப்படுகிறது. ஊதியம் ஷில்லிங்கில் வழங்கப்படுகிறது. இரு நகரங்களுக்கும் இடையே பருவத்திற்கேற்ப ஏழு அல்லது எட்டு மணிநேர வேறுபாடு உண்டு. எல்டோரெட்டில் மாலை அலுவலகம் மூடப்படும் வேளையில்தான் இந்தியானாபொலிஸில் காலைப்பணி தொடங்கும்.

மறைமுகச் செலவு என்னும் இனம் இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. மின்கட்டணம், கட்டடப் பராமரிப்பு, கணக்கர், தணிக்கையாளர் ஆகியோருக்கான ஊதியம் எந்த ஓர் ஆய்வுக்கும் தனித்து உரியவை அல்ல. எனினும் இவையின்றி எந்த ஆய்வும் இல்லை. இவற்றிற்காக அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், நேர்முகச் செலவில் 50 விழுக்காட்டுக்கும் மேலான தொகையைப் பேசிப் பெறுவது வழக்கம். அதே நல்கையில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நெடுங்காலமாக அளிக்கப்பட்டது 8 விழுக்காடு. வலுவான அலுவலகம் ஏற்கெனவே உள்ள இடத்திற்கு மிகுதியாகவும், அதனைப் புதிதாக உருவாக்க வேண்டிய இடத்திற்குக் குறைவாகவும் பணம் சென்றது. வளரும் நாடுகளின் ஆய்வு அலுவலகங்கள் நலிந்திருப்பதற்கு அங்குள்ளோரின் திறமைக் குறைவையே காரணம் காட்டுவோர், இக்கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது முறையாகும்.

இரு தலைவர், இரு குழு

ஆம்பாத் வகுத்த விதிகளுள் ஒன்று எளிமையானது, ஆனால் ஆழமானது. அங்கு நடைபெறும் ஒவ்வோர் ஆய்விற்கும் கென்யர் ஒருவரும் பிற நாட்டவர் ஒருவரும் இணைந்து முதன்மை ஆய்வாளர்களாக இருத்தல் வேண்டும். வெளிநாட்டு அறிஞர் வந்து குருதி மாதிரிகளையும் தரவுகளையும் திரட்டிச் சென்று, தம் ஊரில் அமர்ந்து கட்டுரை எழுதிப் புகழ் பெறுவது பல நாடுகளில் நடந்த ஒன்று. அதற்கு இவ்விதி அணையிட்டது. பெயரளவில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் ஆபத்து இதிலும் உண்டு. விண்ணப்பம் அனுப்பப்படுவதற்கு முன்பே ஆய்வுத் திட்டத்தைப் பார்வையிடும் உள்ளூர் அலுவலகம் ஒன்று இருந்தால்தான் அவ்வாபத்தைக் குறைக்க முடியும்.

மனிதரை உட்படுத்தும் ஆய்விற்கு அறநெறிக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். இந்தியானாவின் குழு ஒப்புதல் தந்துவிட்டது என்பதற்காக எல்டோரெட்டின் குழு வாளாவிருப்பதில்லை. தனியே கூடி ஆராய்கிறது. இதற்கு மேல், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கென்யாவின் தேசிய அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க ஆணையத்தின் உரிமமும் பெறவேண்டும். காலத்தாழ்வு நேர்கிறது என்று ஆய்வாளர்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும் ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் உள்ளதா, ஆய்வு முடிந்தபின் மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்னும் கேள்விகளை எழுப்ப அவ்வூரை அறிந்தவர்களால்தான் இயலும்.

பதிவேடு தந்த பயன்

ஆய்வு நிருவாகம் பொதுமக்களுக்கும் பயன்பட்ட கதை ஒன்று உண்டு. எல்டோரெட்டுக்கு அருகில் மொசோரியோட் என்னும் சிற்றூரின் நலவாழ்வு நிலையத்தில் 2001இல் எளிய கணினிப் பதிவேடு ஒன்று ஏற்படுத்தப்பட்டது. எய்ட்ஸ் நோயாளிகளின் எண்ணிக்கை பெருகியபோது அது போதவில்லை. இந்தியானாவின் ரீஜென்ஸ்ட்ரீஃப் நிறுவன வல்லுநர்கள் பிறருடன் இணைந்து 2004 முதல் ‘ஓப்பன் எம்ஆர்எஸ்’ என்னும் கட்டற்ற மென்பொருளை உருவாக்கினர். 2006இல் அது எல்டோரெட்டில் பயன்பாட்டுக்கு வந்தது. மருத்துவர் எழுதும் அதே பதிவு ஆய்வாளருக்குத் தரவாகவும், நல்கை தந்தோருக்கு அறிக்கையாகவும் பயன்பட்டது. எவரும் விலையின்றி எடுத்தாளலாம் என்பதால் அம்மென்பொருள் பல நாடுகளுக்குப் பரவியது. அதனை அடித்தளமாகக் கொண்ட ‘பாஹ்ம்னி’ சத்தீஸ்கரின் கனியாரி என்னும் சிற்றூர் மருத்துவமனையில் உருப்பெற்றது.

2025

2025 சனவரியில் அமெரிக்க அரசு தன் அயல்நாட்டு உதவிகளை மறுஆய்வுக்காக நிறுத்திவைத்தது. ஆம்பாத்தின் எய்ட்ஸ் பணிகளுக்குப் பல ஆண்டுகளாக நிதி வந்த வழி அதுவே. மே மாதத்தில், தேசிய நலவாழ்வு நிறுவனம் வெளிநாடுகளுக்குப் புதிய துணை நல்கைகள் வழங்குவதை நிறுத்தியது. வெளிநாட்டு நிறுவனத்திற்குத் தனி நல்கையாக நேரடியாக வழங்கும் புதிய முறை வகுக்கப்படும்வரை இந்நிலை தொடரும் என்றும் அறிவித்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கணக்குப்பிரிவை நம்பியிருந்த நிறுவனங்கள் இனித் தாமே விண்ணப்பிக்கவும், தாமே கணக்குக் காட்டவும், தாமே தணிக்கைக்கு விடையளிக்கவும் வேண்டும். விலைப்பட்டியலைப் பிழையின்றி எழுதக் கற்ற கணக்கரும், இரவில் இந்தியானாவுடன் தொலைபேசியில் பேசிப் பழகிய நல்கை அலுவலரும் எத்தனை நிறுவனங்களில் உள்ளனர் என்பதைப் பொறுத்தே அம்முறையின் பயன் அமையும்.