பெயர் போட்டுப் பொறுப்பேற்கும் வேலை

குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்றதும் அப்துல் கலாமையும் எழுத்தாளர் சுஜாதாவையும் நினைவுகூராதவர் குறைவு. அதே வளாகத்தில் இயங்கும் ஏ.யூ-கே.பி.சி. ஆய்வு மையத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 2005இல் இந்த மையமும் அரசு கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. அந்த முயற்சியில் 2007இல் வெளிவந்ததுதான் 'பாஸ்' லினக்ஸ் இயங்குதளம். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி வாங்கிய மாணவர்கள் பலர் விண்டோஸோடு சேர்த்து அதையும் பார்த்திருப்பார்கள்.

பாஸின் அடித்தளம் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம். இயன் மர்டாக் என்ற மாணவர் 1993இல் தொடங்கிய இதை இன்றுவரை தன்னார்வலர்களே வளர்க்கிறார்கள். 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13ஆம் பதிப்பில் சுமார் 70,000 பேக்கேஜ்கள், அதாவது நிறுவத் தயாரான மென்பொருள் பொதிகள், உள்ளன. ஒவ்வொரு பேக்கேஜிலும் 'கண்ட்ரோல்' என்றொரு சிறு கோப்பு இருக்கும். அதில் 'மெயின்டெய்னர்' என்ற வரியில், அதற்குப் பொறுப்பான ஆளின் அல்லது குழுவின் பெயரும் மின்னஞ்சலும் இருந்தே ஆக வேண்டும். யாருடைய கணினியில் அந்த பேக்கேஜ் நிறுவப்பட்டாலும் அந்தப் பெயரும் கூடவே போகும். இந்த ஒரு வரிக்குப் பின்னால் உள்ள உழைப்பு நம் ஊர்க் கல்லூரிகளில் சொல்லித்தரப்படாத ஒன்று என்பது என் வருத்தம்.

அந்த உழைப்பு எத்தகையது என்று பார்க்க, ஜேசான் என்ற தரவு வடிவத்தை எடுத்துக்கொள்வோம். வானிலைச் செயலியோ வரைபடமோ, இணையத்தில் கேட்ட தகவல் பெரும்பாலும் ஜேசானாகத்தான் வந்து சேர்கிறது. நெளிவு அடைப்புக்குறிக்குள் பெயர், முக்காற்புள்ளி, மதிப்பு. பார்க்க எளிது. ஆனால் பாதியில் அறுந்த கோப்பு, அளவுக்கு மீறிய எண், தவறான யூனிகோடு என எல்லாவற்றையும் தடுமாறாமல் படிக்கும் நிரலை ஒவ்வொருவரும் புதிதாக எழுதினால் ஒவ்வொருவரும் புதிதாகத் தவறு செய்வார்கள். அதனால் ஒருவர் எழுதிய லைப்ரரியைப் பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்கின்றன. இணையத்தில் கிடக்கும் அந்த நிரலை இயங்குதளத்துக்குள் கொண்டுவருவதுதான் பேக்கேஜ் செய்பவரின் வேலை.

முதலில் பார்க்க வேண்டியது உரிமம். ஜேசானைப் பிரபலப்படுத்திய டக்ளஸ் கிராக்ஃபோர்ட், தன் நிரலின் உரிமத்தில், இதை நல்லதற்கே பயன்படுத்த வேண்டும், தீயதற்குக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்த்திருந்தார். படித்தால் யாருக்கும் பிடித்துப்போகும். டெபியன் அதை ஏற்கவில்லை. எந்தத் துறைக்கு, எந்த நோக்கத்துக்கு என்று பிரித்து ஒதுக்கும் உரிமம் கட்டற்ற உரிமம் ஆகாது என்பது அதன் விதி. தவிரவும், எது தீயது என்று தீர்மானிப்பவர் யார்? இந்த ஒரு வாக்கியத்தால் 2013இல் பி.எச்.பி. மொழியின் ஜேசான் பகுதியையே டெபியன் நீக்கிவிட்டு, வேறு நிரலை அந்த இடத்தில் வைத்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். லட்சக்கணக்கான கணினிகளுக்குப் போகும் ஒன்றில், நீதிமன்றத்தில் என்ன பொருள் கொள்ளப்படும் என்று தெரியாத வரி இருக்கக் கூடாது.

அடுத்தது பெயரும் எண்ணும். 'ஜேசான்-சி' என்ற லைப்ரரி டெபியனில் 'லிப்ஜேசான்-சி5' என்ற பெயரில் கிடைக்கிறது. அந்த 5 அலங்காரம் இல்லை. லைப்ரரியின் ஃபங்ஷன்கள் பழைய மென்பொருள்களுக்கு ஒத்துவராதபடி மாறினால் எண்ணும் மாற வேண்டும். அப்போதுதான் பழையதும் புதியதும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் இருக்கும். எண்ணை மாற்ற மறந்தால், நேற்றுவரை ஓடிய மென்பொருள் இன்று காரணம் தெரியாமல் நின்றுபோகும்.

பக்கத்து வீட்டோடு வரும் தகராறு இன்னும் நுட்பமானது. ஜேசான்-சி போலவே 'ஜான்சன்' என்று இன்னொரு லைப்ரரி இருக்கிறது. இரண்டிலும் 'ஜேசான் ஆப்ஜெக்ட் கெட்' என்று ஒரே பெயரில் ஃபங்ஷன் உண்டு. ஒன்றில் அது தரவு எத்தனை இடங்களில் பயன்படுகிறது என்ற கணக்கைக் கூட்டும்; மற்றதில் ஒரு பெயருக்கான மதிப்பைத் தேடித் தரும். ஒரே மென்பொருள் இரண்டையும் நினைவகத்தில் ஏற்ற நேர்ந்தால், ஒன்றைக் கூப்பிட மற்றது ஓடிவரும். மென்பொருள் அங்கேயே விழும். இரு லைப்ரரிகளையும் எழுதியவர்கள் தத்தம் அளவில் சரியாகவே எழுதியிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் சேர்க்கிறவர்களின் கண்ணுக்குத்தான் இந்த மோதல் பட்டது. பின்னால் இரண்டிலும் ஃபங்ஷன் பெயர்களோடு பதிப்பு அடையாளம் சேர்த்துச் சரிசெய்தார்கள்.

இத்தனை கவனம் ஏன் என்று கேட்பவர்களுக்கு 2024 மார்ச் 29 பதில் சொல்லும். எக்ஸ்.இசட். என்ற சுருக்க வடிவத்துக்கான லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு ஒன்று இருப்பது அன்றுதான் வெளியானது. டெபியன் பேக்கேஜ்களே அந்த வடிவத்தில்தான் சுருக்கப்படுகின்றன. லாஸ்ஸே காலின் என்பவர் தனியாளாகப் பார்த்துவந்த திட்டம் அது. ஜியா டான் என்ற பெயரில் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உதவி செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பையும் பெற்றார். தீய நிரலைச் சோதனைக் கோப்புகளுக்குள் ஒளித்தார். அதை எழுப்பும் வரிகள், எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கான மூலநிரல் பொதியில் மட்டும் இருந்தன.

டெபியன் அல்லது ரெட் ஹேட் முறையில் பேக்கேஜ் செய்யும்போதுதான் அது விழித்தெழும். குறி, தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையப் பயன்படும் எஸ்.எஸ்.எச். அந்த மென்பொருளுக்கும் எக்ஸ்.இசட்.டுக்கும் நேர்த்தொடர்பு கிடையாது. பேக்கேஜ் செய்தவர்கள் வசதிக்காகச் சேர்த்த ஒரு திருத்தத்தின் வழியே அது உள்ளே வந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட் என்ற பொறியாளர், உள்நுழைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் துருவியதால் குட்டு வெளிப்பட்டது. டெபியனின் நிலையான பதிப்புக்குள் அது நுழையவில்லை. புதிய பேக்கேஜ் முதலில் சோதனைக் களத்தில் சில காலம் இருந்த பிறகே நிலையான பதிப்புக்குப் போக முடியும் என்ற பொறுமையான ஏற்பாடு அப்போது காப்பாற்றியது.

தாம்பரத்திலிருந்து காட்டாங்கொளத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் பொறியியல், கணினி அறிவியல் மாணவர்கள் நிறைந்திருக்கிறார்கள். பாஸ் உருவானதும் இந்தச் சென்னையில்தான். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன் சிறு மாநாடு நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உலக மாநாடே கொச்சிக்கு வந்தது. வழி தெரியவில்லை என்று இனிச் சொல்ல முடியாது. பராமரிக்க ஆளில்லாத பேக்கேஜ்களின் பட்டியலை டெபியன் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அதிலிருந்து நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒன்றை எடுங்கள். கம்பைல் செய்து பாருங்கள். 'லிண்டியன்' என்ற சோதனைக் கருவி காட்டும் குறைகளில் ஒன்றைச் சரிசெய்து அனுப்புங்கள். உறுப்பினர் ஒருவர் சரிபார்த்து உங்கள் சார்பில் பதிவேற்றுவார். பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: இறுதியாண்டுத் திட்டப்பணியாக இதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.