சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பணியாரமும் கிழங்கைப் பதம் செய்தலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அறுவடைக்குப் பின் நன்றி கூறும் பண்டிகை கொண்டாடப்படுகிறது. 1941-ம் வருஷத்துச் சட்டப்படி நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை இதற்குரிய நாளாகும். அன்றைய விருந்தில், முக்கியமாகத் தென் மாகாணங்களில், சர்க்கரைவள்ளிக் கிழங்கை மாவுக்கூட்டில் வைத்துச் சுடும் 'பை' என்னும் பணியாரம் இடம்பெறும். கிழங்கோடு ஆப்பிளையும் அடுக்கிச் செய்வதுண்டு. செய்முறை எளிதே. ஆயினும் அதன் ருசியில் பெரும்பங்கு, கிழங்கை வெட்டிய சில வாரங்களுக்குள்ளேயே தீர்மானமாகிவிடுகிறது.

அலபாமா மாகாணத்து டஸ்கீகியில் 1896 முதல் 1943-ல் காலமாகும் வரை பணியாற்றிய விவசாய ஆசிரியர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், ஏழைக் குடியானவர்களுக்கென எழுதிய வெளியீடொன்றில் கிழங்கைக் காக்கும் வகையையும் சமைக்கும் வகையையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார். இரண்டையும் பிரிக்கலாகாதென்பதே என் அபிப்பிராயமும்.

புதிதாக வெட்டிய கிழங்கில் மாவுச்சத்து மிகுதி, இனிப்பு குறைவு. தோலும் மெல்லியது, மண்வெட்டி பட்ட காயத்தின் வழியே பூசணம் புகுந்து குவியலையே அழிக்கும். ஆகையால் அங்கே கிழங்கை அலம்பாமல், சுமார் 85 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணமும் 85 முதல் 90 சதவிகித ஈரப்பதமும் உள்ள அறையில் ஏறக்குறைய ஒரு வாரம் வைக்கிறார்கள். காயங்களின்மேல் தக்கை போன்ற புதுத்தோல் படர்கிறது. இனிப்பும் ஏறத் தொடங்குகிறது. பிறகு 55 முதல் 60 டிகிரி உள்ள கிடங்குக்கு மாற்றுகிறார்கள். அவர்கள் விறகோ மின்சாரமோ செலவிட்டு உண்டாக்கும் முதல் உஷ்ணம் நம் சமவெளி ஜில்லாக்களில் இனாமாகவே கிடைக்கிறது. ஈரத்திற்கு, கிழங்கின்மேல் படாதபடி நனைந்த சாக்குகளை அறையில் தொங்கவிடலாம். இருந்தும் நம்மவர் வெட்டிய அன்றே அலம்பிச் சந்தைக்கு அனுப்பி, அழுகலென்று தரகர் விலையைக் குறைக்க இடங்கொடுப்பது வருந்தத்தக்கது. கிழங்கைக் குளிர்ப்பெட்டியில் வைப்பதும் தவறு. 50 டிகிரிக்குக் கீழே பல நாள் இருந்த கிழங்கின் நடுப்பாகம் எவ்வளவு வேகவைத்தாலும் கடினமாகவே நிற்கக்கூடும்.

இனி அடுப்பு. கிழங்கிலுள்ள நொதிப்பொருள் சுமார் 140 முதல் 170 டிகிரி வரையில் மாவுச்சத்தை மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாற்றும். சூடு மிக ஏறினால் செயலற்றுப்போகும். துண்டுகளைக் கொதிநீரில் இட்டால் அந்தக் கட்டம் விரைவில் கடந்துவிடும். முழுக்கிழங்கைத் தோலோடு மிதமான சூட்டில் ஒரு மணிக்கு மேல் சுடுவதே உசிதம். மேலும், ஆப்பிளின் புளிப்பு பச்சைக் கிழங்கை எளிதில் இளகவிடாது.

மேலோட்டுக்கு மைதா 12 அவுன்ஸ், குளிர்ந்த வெண்ணெய் 6 அவுன்ஸ், உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெயைப் பட்டாணியளவு துண்டுகளாக மாவில் உதிர்த்து, குளிர்நீர் தெளித்துத் திரட்டுக. சப்பாத்தி மாவைப்போல் பிசைந்தால் தோல்போல் இழுக்கும். வெண்ணெய் உருகுமிடத்தில் நீராவி மாவைப் பிரிப்பதாலேயே ஓடு அடுக்கடுக்காக எழுகிறது.

மாவை இரு வட்டங்களாக இட்டு, ஒன்றைத் தட்டில் விரித்து, சுட்டு உரித்த கிழங்கு ஒரு ராத்தலையும் ஆப்பிள் ஒரு ராத்தலையும் கால் அங்குல வில்லைகளாக மாற்றிமாற்றி அடுக்குக. இடையிடையே சர்க்கரை 4 அவுன்ஸ், வெண்ணெய் ஓர் அவுன்ஸ், சிறிது லவங்கப்பட்டைத் தூளும் ஜாதிக்காயும் தூவுக. மற்ற வட்டத்தால் மூடி, ஆவி போகக் கீறி, 400 டிகிரியில் 20 நிமிஷமும் 350 டிகிரியில் 40 நிமிஷமும் சுடுக. ஒரு மணி நேரம் ஆறிய பின் வெட்டினால் சாறு வழியாது. பதம் செய்த கிழங்காயின் சர்க்கரையை 3 அவுன்ஸாகக் குறைக்கலாம்.