ராதிகா நாடகம்: இரவு 9.30 மணியைச் சொந்தமாக்கிக்கொண்ட `சித்தி'

`சித்தி' என்றதும் உங்களுக்கு யார் முகம் ஞாபகத்துக்கு வருகிறது? அம்மாவின் தங்கையா, சித்தப்பாவின் மனைவியா? நீங்கள் 35 வயதைத் தாண்டியவர் என்றால், அந்த இரண்டு பேரையும் முந்திக்கொண்டு ராதிகா வந்து நிற்க வாய்ப்பு அதிகம்.

தமிழில் அந்த வார்த்தைக்கு மூன்றாவதாக ஓர் அர்த்தமும் உண்டு. அப்பா இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டு வந்தவர். இந்த அர்த்தத்தில் வரும்போது `சித்தி'க்குப் பின்னால் பெரும்பாலும் `கொடுமை' என்ற வார்த்தையும் ஒட்டிக்கொண்டே வரும். தாயில்லாப் பிள்ளைக்குச் சோறு போடாதவள், சூடு வைப்பவள் என்றுதான் கதைகளில் கேட்டிருக்கிறோம். 1999 டிசம்பர் 20-ம் தேதி சன் டிவியில் தொடங்கிய `சித்தி', இந்தப் பிம்பத்தின் மேல்தான் கைவைத்தது. மனைவியை இழந்தவராக சிவகுமார், அவர் வீட்டுக்கு வாழவந்து, பெறாத பிள்ளைக்குத் தாயாக நிற்கும் சாரதாவாக ராதிகா. 2001 நவம்பர் 2 வரை ஓடியது. கெட்ட பேர் வாங்கியிருந்த ஓர் உறவுமுறை, இரண்டு வருடத்தில் பாசமான பட்டப்பெயராக மாறிப்போனது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1966-ல் வந்த `சித்தி' சினிமாவில், பத்மினியை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொள்ளும் வயதான பணக்காரராக நடித்தவர் எம்.ஆர்.ராதா. ராதிகாவின் அப்பா! அந்தப் படம் வந்தபோது மகள் சின்னக் குழந்தை. அடுத்த ஜனவரியிலேயே எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் எம்.ஆர்.ராதா கைதாகி, பிறகு சிறைக்கும் போனார். 1971-ல்தான் வெளியே வந்தார். தமிழ்நாடே பேசிய அந்த வழக்கின் நிழலில்தான் ராதிகாவின் சிறுவயது கழிந்திருக்கிறது.

படிப்புக்காக லண்டன் போய்விட்டு வந்த பெண்ணை, பாரதிராஜா கிராமத்துப் பாஞ்சாலி ஆக்கினார். 1978-ல் `கிழக்கே போகும் ரயில்'. ஹீரோ பட்டணத்திலிருந்து ரயிலின் கடைசிப் பெட்டியில் எழுதியனுப்பும் சேதிக்காக, தண்டவாளத்துப் பக்கம் வந்து காத்திருக்கும் பெண். (வாட்ஸ்அப் தலைமுறைக்கு இதைப் புரியவைக்கத் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.) அதற்கப்புறம் தெலுங்கில் சிரஞ்சீவியுடன் `நியாயம் காவாலி', கமலுடன் `ஸ்வாதி முத்யம்', தமிழில் வரிசையாகப் படங்கள். பிரதாப் போத்தன் இயக்கிய `மீண்டும் ஒரு காதல் கதை'யை 1985-ல் தயாரித்தவரும் ராதிகாதான். அறிமுக இயக்குநருக்கான தேசிய விருது வாங்கிய படம் அது. நடிக்கிற இடத்தைத் தாண்டி முதலீடு போடுகிற இடத்துக்குப் போய் நிற்கும் பழக்கம் சின்ன வயதிலேயே வந்துவிட்டது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

33 வயதில் பிரபுவுக்கு அம்மா

1995-ல் `பசும்பொன்' வந்தது. அதில் ராதிகா சிவாஜிக்கு மகள், பிரபுவுக்கு அம்மா. அப்போது ராதிகாவுக்கு 33 வயது. பிரபுவுக்கு 39. இரண்டு வருடம் கழித்து `சூர்யவம்சம்'. அப்பா, மகன் என்று இரட்டை வேடத்தில் சரத்குமார் நடிக்க, அப்பா சரத்குமாருக்கு மனைவியாகவும் மகன் சரத்குமாருக்கு அம்மாவாகவும் ஒரே படத்தில் நடித்தார் ராதிகா. 2001-ல் நிஜ வாழ்க்கையில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

இரண்டுமே நல்ல படங்கள், ராதிகாவும் நன்றாகவே நடித்திருப்பார். ஆனால், தமிழ் சினிமா ஒரு நடிகைக்குக் கணக்குப் போடும் விதம் இதுதான். தன்னைவிட ஆறு வயது மூத்த ஹீரோவுக்கு அம்மாவாக நரைமுடி வைத்துக்கொள்ளச் சொல்லும். அந்த ஹீரோவோ அதற்குப் பிறகும் பல வருடம் டூயட் பாடிக்கொண்டிருப்பார். இந்தக் கட்டத்தில் சிலர் கிடைத்த அம்மா ரோலை ஏற்றுக்கொண்டார்கள். சிலர் கல்யாணமாகி ஒதுங்கினார்கள். ராதிகா செய்தது வேறு.

தூர்தர்ஷனில் தொடர் என்றால் 13 வாரம், வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கு ரொம்ப நாள் இருந்தது. 1993-ல் சன் டிவி வந்த பிறகு தினசரித் தொடர்களுக்கு வழி பிறந்தது. அதில் ராதிகா நடிக்க மட்டும் போகவில்லை. `ராடான்' என்று சொந்தமாக நிறுவனம் தொடங்கிப் போனார். அந்தக் காலத்து ஏற்பாடு என்னவென்றால், அரை மணி நேர `ஸ்லாட்'டுக்குத் தயாரிப்பாளர் சேனலுக்குப் பணம் கட்ட வேண்டும். எடுக்கிற செலவும் அவருடையதே. பதிலுக்கு, அந்த அரை மணியில் வரும் விளம்பர நேரத்தை அவரே விற்றுக்கொள்ளலாம். தொடர் ஊத்திக்கொண்டால் நஷ்டம் மொத்தமும் தலையில். ஜெயித்தால் லாபம் மட்டுமல்ல, எடுத்த எபிசோடும் கையில் இருக்கும்.

அதாவது, கால்ஷீட் கொடுக்கிற நடிகையாக இல்லாமல், கால்ஷீட் கேட்கிற முதலாளியாக செட்டுக்குள் போனார். 37 வயதில் தனக்குத் தானே ஹீரோயின் வேடம் கொடுத்துக்கொண்டார். ராடான் பிற்பாடு பங்குச்சந்தையில் பட்டியலான நிறுவனமாகவும் வளர்ந்தது.

``ஒன்பதரை ஆச்சா?''

சிங்கப்பெருமாள் கோவிலில் எங்கள் தெருவில், அந்தத் தொடருக்கு `சித்தி' என்று பேர் இருந்ததே பலருக்கு இரண்டாம்பட்சம். எங்கள் ஆயா இன்றுவரை ``ராதிகா நாடகம்'' என்றுதான் சொல்வார். `அண்ணாமலை'யும் ராதிகா நாடகம், `செல்வி'யும் ராதிகா நாடகம். நான் அப்போது கைக்குழந்தை. ``ஒன்பதரைக்குள்ள உன்னைத் தூங்க வெச்சாதான் நான் நாடகம் பார்க்க முடியும். நீ என்னடான்னா டைட்டில் பாட்டு கேட்டதும் கொட்டக் கொட்ட முழிச்சுக்குவ'' என்பார் அம்மா. பாடலாத்ரி நரசிம்மர் கோயிலைச் சுற்றியிருக்கும் தெருக்களிலும் அப்போது எல்லா வீட்டிலும் கேபிள் கனெக்‌ஷன் கிடையாது. இருக்கிற வீட்டுத் திண்ணையில் செருப்புகள் சேரும். ஊர் அடங்கும் நேரத்தில் மறைமலை நகர் கம்பெனிகளிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வரும் ஆண்களுக்கு, சாப்பாடு விளம்பர இடைவேளையில்தான். இது எங்கள் ஊரில் மட்டும் நடந்த கதையில்லை என்று உங்களுக்கே தெரியும்.

அதற்குப் பிறகான பட்டியல் நீளம். 2002-ல் `அண்ணாமலை', 2005-ல் `செல்வி', 2007-ல் `அரசி', 2009-ல் `செல்லமே', 2013-ல் `வாணி ராணி'. ஒன்று முடிந்தால் கிட்டத்தட்ட இடைவெளியே இல்லாமல் அடுத்தது. `செல்லமே'யில் ராதாரவியும் நடித்தார். நிஜத்திலும் இருவரும் எம்.ஆர்.ராதாவின் பிள்ளைகள். `வாணி ராணி'யில் வக்கீல் வாணியும் இல்லத்தரசி ராணியுமாக இரட்டை வேடம். சினிமாவில் பெரும்பாலும் ஹீரோக்களே அனுபவித்துவந்த சலுகை அது. அதே ஆண்டுகளில் `சூர்யவம்ச'த்தில் ராதிகாவின் மருமகளாக வந்த தேவயானியும் `கோலங்கள்' அபியாக இரவு நேரத்தைப் பிடித்துவிட்டார். சினிமா ஓரங்கட்டிய மாமியாரும் மருமகளும் ஒரே சேனலில் கொடிகட்டிப் பறந்தார்கள்!

குறை இல்லாமல் இல்லை. `வாணி ராணி' முடிந்தது 2018 டிசம்பரில். கிட்டத்தட்ட ஆறு வருடம். ஒரு கதைக்கு அவ்வளவு தேவையா? கடத்தல், விஷம், கோர்ட், மறுபடி கடத்தல் என்று சுற்றிச் சுற்றி வந்த மாதங்களைப் பார்த்தவர்களே கிண்டல் செய்தார்கள். வில்லிகள் எல்லோரும் பெண்கள், அவர்களுக்குக் கண்ணை உருட்டுவதைத் தவிர வேறு வேலையில்லை என்ற குறையும் நியாயமானதே. ஆனால், ஒன்றைக் கவனித்தேன். ராதிகா ஏற்ற வேடங்களில் வேலைக்குப் போகிற, கையில் பணம் வைத்திருக்கிற, வீட்டில் முடிவெடுக்கிற பெண்கள் அதிகம். அழுவார்கள், ஆனால் அழுது முடித்ததும் கேஸ் போடுவார்கள். மாமியார் கையில் அடிவாங்கிக்கொண்டே இருக்கும் மருமகள் கதைக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு.

இவருக்குப் பதில் இவர்

சீரியல் பார்க்கிறவர்களுக்குப் பழகிப்போன ஒரு அட்டை உண்டு: `இவருக்குப் பதில் இவர்'. நேற்றுவரை பார்த்த முகம் இன்றைக்கு இல்லை. சேலை அதே, வீடு அதே, முகம் வேறு. நாள் கணக்கில் சம்பளம் வாங்கும் சின்னத்திரை நடிகைகளுக்கு இந்த அட்டை எப்போதும் தலைக்குமேல் தொங்கும் விஷயம். உடம்பு சரியில்லை, கர்ப்பம், சம்பளத் தகராறு, தேதிப் பிரச்னை என்று காரணம் எதுவாக இருந்தாலும், எபிசோடு நிற்காது.

முதலாளிக்கும் அது வந்தது. 2018 டிசம்பரில் தொடங்கிய `சந்திரகுமாரி'யில் இருந்து ராதிகா பாதியில் விலகினார். அவர் இடத்துக்கு விஜி சந்திரசேகர் வந்தார். 2020 ஜனவரியில், 18 வருட இடைவெளிக்குப் பிறகு `சித்தி 2'. லாக்டௌனுக்குப் பிறகு ஷூட்டிங் தொடங்கியபோது, ராதிகாவின் கணவர் வேடத்தில் பொன்வண்ணனுக்குப் பதில் நிழல்கள் ரவி வந்தார். 2021-ல் சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய நேரத்தில் ராதிகாவும் தொடரை விட்டு விலகினார். சித்தி இல்லாமலேயே `சித்தி 2' 2022 வரை ஓடியது. வெண்பாவின் கதையாக அது மாறியிருந்தது. கதை நின்றால் அந்தத் தொடரை நம்பியிருக்கும் லைட்மேன் முதல் மேக்கப் உதவியாளர் வரை எல்லோருக்கும் வேலை நிற்கும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அரசியல் வேறு கணக்கு. கணவரின் சமத்துவ மக்கள் கட்சி 2024 மார்ச்சில் பா.ஜ.க-வோடு இணைந்தது. அந்தத் தேர்தலில் விருதுநகரில் நின்ற ராதிகாவுக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது. தினமும் அரை மணி நேரம் வீட்டுக்குள் விட்டவர்கள், ஓட்டு கேட்டு வந்தபோது வேறு யோசனையில் இருந்தார்கள். சினிமா மட்டும் விடவில்லை. `தர்மதுரை'யில் விஜய் சேதுபதிக்கு அம்மா, `வெந்து தணிந்தது காடு' படத்தில் சிம்புவுக்கு அம்மா. இந்த முறை வயது பொருத்தமாக!

இப்போது 9.30 மணிக்கு எங்கள் வீட்டில் டிவி ஓடுவதில்லை. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் லோக்கலில் ஏறினால் தெரியும்: மகேந்திரா சிட்டி ஷிஃப்டுக்குப் போகிற பெண்கள் ஆளுக்கொரு போனில், ஆளுக்கொரு எபிசோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நேரத்தைச் சேனல் தீர்மானித்த காலம் போய்விட்டது. ராடானின் யூடியூப் சேனலில் பழைய தொடர்கள் கிடைக்கின்றன. அம்மா மதியம் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து `சித்தி'யை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறார். நடுவில் விளம்பரம் வந்தால் `ஸ்கிப்' செய்யச் சொல்லி போனை ஆயா என்னிடம் நீட்டுகிறார். நூற்றுக்கணக்கான எபிசோடு இன்னும் பாக்கி இருக்கிறது.