டிராக்டரில் லோ கியர் போட வேண்டிய நேரம்

டிராக்டர் வாங்கும்போது எத்தனை குதிரைத்திறன், மணிக்கு எத்தனை லிட்டர் டீசல், எத்தனை கொத்துக் கலப்பை இழுக்கும் என்றெல்லாம் நன்றாக விசாரித்தே வாங்குகிறோம். ஆனால் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்திலுள்ள இரண்டு கம்பிகளைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. ஒன்று கியர் கம்பி. மற்றொன்று லோ, ஹை என்று மாற்றும் கம்பி. உழவின் தரமும் டீசல் செலவும் இவற்றைப் பொறுத்தே அமைகின்றன. பள்ளத்தில் பாரம் ஏற்றி இறங்கும் வேளையில், டிரெய்லரின் மேல் அமர்ந்திருப்பவர்களின் உயிரும் இவற்றைப் பொறுத்ததே.

பாரம் ஏற்றிய டிரெய்லருடன் பள்ளத்தில் இறங்கும்போது எந்தக் கியர் என்பதைத்தான் இக்கட்டுரையில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வயல் வேலையில் எந்தக் கியர் என்பது பெரும்பாலான உழவர்களுக்கு அனுபவத்திலேயே பிடிபட்டுவிடுகிறது. இறக்கத்தில் அனுபவத்தால் கற்றுக்கொள்ள அவகாசம் கிடைப்பதில்லை.

கியர் செய்யும் வேலை

கடப்பாரையால் பாறாங்கல்லை நெம்புவதை நினைத்துப் பாருங்கள். நீண்ட பக்கத்தைப் பிடித்து அழுத்தினால் கல் எளிதில் அசைகிறது. ஆனால் கை ஒரு முழம் இறங்கினால் கல் ஒரு விரற்கடைதான் எழும்புகிறது. லோ கியரும் இப்படிப்பட்ட நெம்புகோல்தான். எஞ்சின் தரும் திறனை வேகமாகவும் வாங்கிக்கொள்ளலாம், இழுவிசையாகவும் வாங்கிக்கொள்ளலாம். இரண்டையும் ஒருசேர வாங்க இயலாது.

எட்டு முன் கியர்கள் உள்ள சாதாரண டிராக்டரில், லோ முதல் கியரில் வேகம் மணிக்குச் சுமார் 2.5 கி.மீ. என்றும், ஹை நான்காவது கியரில் சுமார் 30 கி.மீ. என்றும் கொள்வோம். மாடலுக்கு மாடல் இது மாறும். எஞ்சின் ஒரே வேகத்தில் சுழலும்போது சக்கரத்தின் வேகம் 12 மடங்கு வேறுபடுகிறது என்றால், சக்கரத்தைத் திருப்பும் விசையும் ஏறக்குறைய 12 மடங்கு வேறுபடும் என்று பொருள்.

இந்த நெம்புகோல் எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. இறக்கத்தில் எஞ்சின் சக்கரத்தைச் சுற்றுவதில்லை. சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. லோ கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றவேண்டுமானால் எஞ்சின் பல சுற்றுகள் சுற்றியாக வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன்கள் காற்றை இழுத்து, அழுத்தி, வெளியே தள்ளவேண்டும். பேரிங்குகளும் பம்புகளும் உடன் சுழல வேண்டும். இந்தத் தடை முழுவதும் பல மடங்காகப் பெருகிச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. இதையே ஓட்டுநர்கள் ‘எஞ்சின் பிரேக்’ என்கிறார்கள். ஹை நான்காவது கியரில் இந்தப் பிடிப்பு இல்லை என்றே சொல்லலாம்.

இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பலாமா?

டிராக்டர் 2 டன், பாரத்துடன் டிரெய்லர் 5 டன், ஆக 7 டன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 100 மீட்டர் தாழும் மலைப்பாதையில் இந்த வண்டி வேகம் கூடாமல் இறங்கவேண்டுமானால், 20 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் எங்காவது வெளியேறியாக வேண்டும். டயர்கள் உருளும்போது ஏற்படும் தடை ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். மீதி அனைத்தும் பிரேக்கில் இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். மிதி கல்போல் இருக்கும், வண்டி நிற்காது. லோ கியரில் இறங்கினால் அந்த வெப்பத்தின் பெரும்பகுதி எஞ்சின் வழியாகப் புகைக்குழாய்க்கும் ரேடியேட்டருக்கும் போய்விடுகிறது. பிரேக் சூடேறாமல், அவசரத்திற்குத் தயாராக இருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே உண்டு. நம் ஊர்களில் ஓடும் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக்கே கிடையாது. பின்னால் வரும் 5 டன் பாரம் டிராக்டரை முன்னே தள்ளிக்கொண்டே வரும். அந்நேரம் திடீரென்று பிரேக்கை மிதித்தால் டிரெய்லர் பக்கவாட்டில் மடங்கி டிராக்டரைப் புரட்டிவிடும். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40, நீலகிரியின் கல்லட்டிப் பாதையில் 36. இப்பாதைகளில் மரவள்ளியும் காய்கறியும் தேயிலையும் ஏற்றி இறங்குபவர்களுக்கு நான் சொல்வது புதிதல்ல. ஆனால் மலையே காணாத ஊர்களிலும் இறக்கம் உண்டு. ஏரிக்கரை ஏறி இறங்கும் இடம், வாய்க்கால் கரையிலிருந்து வயலுக்குள் இறங்கும் சரிவு, ஆலைக்குப் போகும் வழியிலுள்ள ரயில்வே மேம்பாலம் ஆகிய இடங்களில் கரும்பு ஏற்றிய டிரெய்லர் தள்ளும் தள்ளு மலைப்பாதையில் உள்ளதைப் போன்றதே. சமவெளிக்காரர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது என் கருத்து. அந்தச் சரிவை அவர்கள் இறக்கமாகவே எண்ணுவதில்லை.

இறங்கும் முன் செய்ய வேண்டியவை

எந்தக் கியரில் அந்த மேட்டை ஏறமுடியுமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது நெடுநாளைய விதி. டிரெய்லரில் பாரம் இருந்தால் அதற்கும் ஒரு கியர் கீழே போடுவது நல்லது.

கியரை மேலேயே, இறக்கம் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். டிராக்டர் கியர் பெட்டிகளில் பல, கார்களைப் போல் ஓடும்போது கியர் மாற்றிக்கொள்ளும் அமைப்பு உடையவை அல்ல. பாதி இறக்கத்தில் கிளட்சை மிதித்துக் கியரை எடுத்துவிட்டால், வேறு கியர் விழாது. பற்கள் கரகரவென்று உரசும்; வண்டியோ நியூட்ரலில் ஓடத் தொடங்கிவிடும். எனவே மேட்டின் உச்சியில் வண்டியை முழுவதுமாக நிறுத்தி, லோ கியரைப் போட்டு, இடது வலது பிரேக் மிதிகள் இரண்டையும் கொக்கியால் இணைத்து, கை திராட்டிலை முழுவதும் குறைத்து, அதன்பின் கிளட்சை விடவேண்டும். வயலில் திரும்புவதற்காகப் பிரித்துவிட்ட பிரேக் மிதிகளைச் சாலைக்கு வந்தபின்னும் இணைக்க மறப்பது வழக்கமாகிவிட்டது. அவசரத்தில் ஒரு பக்க மிதி மட்டும் அழுந்தினால் டிராக்டர் இருந்த இடத்திலேயே சுழன்று கவிழும்.

நான்கு சக்கர இழுவை உள்ள டிராக்டராக இருந்தால் இறக்கத்தில் அதையும் போட்டுக்கொள்ளலாம். அப்போது எஞ்சினின் பிடிப்பு முன்சக்கரங்களுக்கும் கிடைக்கிறது.

இறங்கும்போது கிளட்ச் மேல் கால் இருக்கலாகாது. கிளட்சை மிதித்த கணமே எஞ்சின் பிரேக் அறுந்துபோகிறது. எஞ்சின் அளவுக்கு மீறிச் சீறினால், பிரேக்கை ஒருமுறை உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிட வேண்டும். காலை எடுக்காமல் லேசாக உரசிக்கொண்டே வந்தால் பிரேக் காய்ந்துவிடும்.

நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்ற எண்ணம் சில ஓட்டுநர்களிடம் இன்னும் இருக்கிறது. உண்மை இதற்கு நேர்மாறானது. கியரில் இறங்கும்போது, திராட்டில் வைத்த அளவைவிட எஞ்சின் வேகமாகச் சுற்றினால் கவர்னர் டீசலை அறவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் இருப்பதற்காகச் சிறிது டீசல் எரிந்துகொண்டே இருக்கும். உயிரைப் பணயம் வைத்து டீசலையும் கூடுதலாகச் செலவழிப்பதே அதில் காணும் பலன்.

ஹைபிரிட் காருக்கும் இதுவே விதியா?

பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் கார்கள் இப்போது நம் சாலைகளிலும் ஓடுகின்றன. 1997-ஆம் ஆண்டு ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த கார் இந்த வகையின் முன்னோடி. அதில் ஒன்று, இரண்டு என்ற கியர்கள் கிடையாது. ஆனாலும் கியர் கம்பியில் ‘பி’ என்று ஓர் இடம் இருக்கும். இதை ‘பார்க்கிங்’ என்று எண்ணிவிடக் கூடாது. அது வேறு எழுத்து. இந்த ‘பி’ பிரேக்கைக் குறிப்பது. அக்காரின் லோ கியர் அதுவே.

இவ்வகைக் காரில் பிரேக்கை மிதித்தால் மோட்டார் மின்னாக்கியாக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்க்கிறது. சமவெளியில் இது மிக நல்ல ஏற்பாடு. நீண்ட மலை இறக்கத்திலோ பாதி வழியிலேயே பேட்டரி நிரம்பிவிடும். நிரம்பிய குதிரில் மேலும் நெல் கொட்ட முடியாதல்லவா? அந்நிலையில் ‘பி’ போட்டால், டீசல் டிராக்டரில் நடப்பதைப் போலவே எஞ்சின் வெறுமனே சுழற்றப்பட்டு வேகத்தைத் தாங்குகிறது. சமவெளியில் ‘பி’யில் ஓட்டுவதால் பயன் இல்லை, பேட்டரிக்குப் போகவேண்டிய ஆற்றல் எஞ்சினில் வீணாகும். ஹைபிரிட் ஆனாலும் டிராக்டர் ஆனாலும் நீண்ட இறக்கத்திற்கு வழி ஒன்றுதான்.

வயலில் லோ கியர்

இனி வயலுக்கு வருவோம். சட்டிக் கலப்பையோ உளிக் கலப்பையோ ஆழமாக இறங்கும்போது எஞ்சின் முக்கி, கரும்புகை கக்கினால் ஒரு கியர் குறைக்க வேண்டும். ஆனால் எஞ்சின் முக்காமல் சக்கரம் மட்டும் சுழன்றுகொண்டிருந்தால் கியரைக் குறைப்பதால் ஆவது ஒன்றுமில்லை. விசை போதவில்லை என்பது வேறு, டயருக்குப் பிடிப்புப் போதவில்லை என்பது வேறு. பிந்தியதற்கு உழவின் ஆழத்தைக் குறைக்க வேண்டும், அல்லது சக்கரத்துக்கு எடை கூட்ட வேண்டும். பின் டயரில் சுண்ணாம்புக் குறியிட்டு, கலப்பையைத் தூக்கிய நிலையில் 10 சுற்றுக்கு எத்தனை தூரம் போகிறது என்றும், உழும்போது 10 சுற்றுக்கு எத்தனை தூரம் என்றும் அளந்து பாருங்கள். முன்னது 42 மீட்டர், பின்னது 36 மீட்டர் என்றால் வழுக்கல் 14 சதவீதம். 15 சதவீதத்துக்கு மேல் போனால் டீசல் வீணாவதோடு, வழுக்கும் டயர் ஈர மண்ணை இழுகி அடைத்துவிடும். உழவியல் படித்தவன் என்ற முறையில் டீசலைவிட இதுவே எனக்கு வருத்தம் தருவது. அந்த அடைப்பில் பயிரின் வேர் இறங்காது.

சுழற்கலப்பைக்கு லோ கியர் கட்டாயம். பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுற்ற எஞ்சினை அதற்குரிய வேகத்தில் வைத்தாக வேண்டும். வண்டியோ மெதுவாக நகர வேண்டும். இதற்காகத் திராட்டிலைக் குறைத்தால் கத்திகள் மண்ணை வெட்டாமல் இழுத்துப் போடும். ஆனால் தேவைக்கு மேல் மெதுவாகப் போனால் மண் மாவாகி, அடுத்த மழையில் இறுகிப்போகும்.

டிராக்டரில் பொருத்திய தெளிப்பானிலும் கவனம் தேவை. பம்பு விடும் மருந்தின் அளவு எஞ்சின் வேகத்தைப் பொறுத்தது. கியரைப் பொறுத்தது அல்ல. மணிக்கு 6 கி.மீ. என்று கணக்கிட்டு ஏக்கருக்கு 200 லிட்டர் என அளவு வைத்தவர், எஞ்சின் வேகத்தை மாற்றாமல் பாதி வேகமுள்ள கியரில் போனால் 400 லிட்டர் விழுகிறது. களைக்கொல்லியானால் பயிரும் கருகும்.

சேற்றில் புதைந்த டிராக்டரை லோ முதல் கியரில் உறுமவிட்டு முன்னோக்கி எடுக்க முயல்வது ஆபத்தானது. பின்சக்கரம் திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டால், அந்தப் பன்னிரண்டு மடங்கு விசை டிராக்டரின் முன்பக்கத்தைத் தூக்கிப் பின்னால் கவிழ்க்கும். இரண்டு வினாடிக்குள் அது முடிந்துவிடும், குதிக்க நேரமிராது. ரிவர்ஸ் கியரில் மெல்ல எடுத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் வேறு டிராக்டரைக் கொண்டு இழுங்கள். இழுக்கும் டிராக்டரில் சங்கிலியைக் கீழுள்ள இழுவைக் கம்பியில்தான் மாட்ட வேண்டும். அச்சிலோ மேல் இணைப்பிலோ மாட்டக் கூடாது.

லோ கியர் வேண்டாத வேலைகளும் உண்டு. காலி டிரெய்லரை இழுப்பது, பரம்படிப்பது போன்ற இலேசான வேலைகளில் ஒரு கியர் கூட்டித் திராட்டிலைக் குறைத்துக்கொண்டால் அதே வேகம் கிடைக்கும், டீசலும் குறையும். எஞ்சின் முக்கினாலோ புகை கறுத்தாலோ பழைய கியருக்குத் திரும்பிவிடுங்கள். பி.டி.ஓ. வேலைக்கு மட்டும் இந்த முறை பொருந்தாது.

சரிவில் வண்டியை நிறுத்தும்போதும் லோ கியருக்கு வேலை உண்டு. எஞ்சினை அணைத்தபின், முகம் மேட்டை நோக்கி இருந்தால் லோ முதல் கியரிலும், பள்ளத்தை நோக்கி இருந்தால் ரிவர்ஸ் கியரிலும் விட்டு, கை பிரேக்கைப் போட்டு, டிராக்டர் சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் தனித்தனியே கட்டை வையுங்கள். கல்லைவிட ஆப்பு வடிவில் செதுக்கிய வேலமரக் கட்டை நன்றாகப் பிடிக்கிறது. இரண்டு கட்டைகளைக் கருவிப் பெட்டியிலேயே போட்டு வைத்துக்கொள்ளலாம்.