எழுபது வளைவுகளுக்கு மேலே

காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் கொல்லிமலையின் மேல்பரப்புக்குப் போக 70 கொண்டை ஊசி வளைவுகள். பைக்கில் வரும் இளைஞர்கள் வளைவுக்கு வளைவு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அரியூர் நாட்டிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண்ணைக் கீழே கொண்டுபோகும் குடும்பத்துக்கும் அதே எழுபதுதான். பெரிய ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ் எல்லாம் கீழே நாமக்கல்லில் இருக்கின்றன.

கொல்லிமலையில் நாடு என்று அழைக்கப்படும் 14 பகுதிகளில் ஒன்று அரியூர் நாடு. இந்த மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டதும் கேரளமா என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. இவர்கள் மலைக்காரர்கள், பேசுவது தமிழ்.

அரசின் பழங்குடிப் பட்டியல் இவர்களை மாவட்டம் பார்த்துத்தான் ஏற்கிறது. தர்மபுரி, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி என்று பழைய மாவட்டங்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. 1997ல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல்லுக்கு அது பொருந்திவிட்டது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையிலும் மலையாளிகள் வாழ்கிறார்கள். ஆனால் அந்த மலை பழைய கோவை மாவட்டத்தில் இருந்தது, கோவை பட்டியலில் இல்லை. அதனால் அங்கே படிக்கும் பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் மறுக்கப்படுகிறது. பல பத்தாண்டுகளாகக் கேட்டு அலைகிறார்கள். பிறந்த இடத்தைக் காட்டி உரிமையை மறுப்பதை என்னால் வெறும் நிர்வாகச் சிக்கல் என்று கடந்துபோக முடியவில்லை.

வாழும் இடத்தைப் பார்த்து மனிதரைப் பிரிக்கும் இப்படி ஒரு கோடு சென்னையின் தொடக்கத்திலேயே விழுந்தது. ஜார்ஜ் கோட்டைக்குள் 'வெள்ளையர் நகரம்', வெளியே 'கறுப்பர் நகரம்'. 1746ல் பிரெஞ்சுப் படையிடம் கோட்டையை இழந்த ஆங்கிலேயர் 1749ல் அதைத் திரும்பப் பெற்ற பிறகு, கோட்டைக்கு எதிரே பீரங்கி சுடத் திறந்தவெளி வேண்டும் என்று பழைய கறுப்பர் நகரம் அகற்றப்பட்டது. அந்த மண்ணில்தான் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது.

கடல் கடந்த தமிழர்களையும் அந்தக் கோடு விடவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1950ல் வந்த சட்டம், எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்தது. டர்பன் நகரசபைக்கு உழைத்த தமிழரும் தெலுங்கரும் குடியிருந்த மேகசின் பாரக்ஸ் காலிசெய்யப்பட்டது. 1960களில் அவர்களுக்குக் கிடைத்தது நகரத்துக்கு வெளியே சாட்ஸ்வொர்த். வெள்ளையர் பகுதிக்கும் கறுப்பர்களின் உம்லாசிக்கும் நடுவே, ஒரு வேலிபோல இந்தியர்களை அமர்த்தினார்கள்.

இன்றைய சென்னையில் நிறவெறிச் சட்டம் இல்லை. ஆனால் கூவம், அடையாறு கரைகளிலிருந்து லாரியில் ஏற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்தில் இறக்கப்பட்டன. அவர்களில் தலித்துகள் ஏராளம். வீட்டுவேலை பார்த்த பெண்களுக்கு வேலை போனது, பிள்ளைகளுக்குப் பள்ளி பாதியில் நின்றது. வெள்ள அபாயம் என்று கரையிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். குடியமர்த்திய இடமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. மழை பெய்தால் அங்கேயும் தண்ணீர்தான்.

நகரத்து ஏழையைத் தூரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். மலைக்காரரிடம் தூரம் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் குறைக்காமல் விட்டாலே போதும். 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது அது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டும் என்றார்கள். நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கு விரிவாக்கும் அறிவிப்பு 2024 பட்ஜெட்டில்தான் வந்தது. மலையில் கூலிக்குப் போகும் பெண்ணுக்கு அந்த டிக்கெட் காசு சின்னத் தொகை இல்லை.

இதே நாமக்கல் மாவட்டத்தில், ராசிபுரம் பக்கம், போதமலை இருக்கிறது. கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று ஊர்கள். சுதந்திரம் வந்து எழுபது ஆண்டு கடந்தும் அங்கே வண்டிப்பாதை இல்லாமல் இருந்தது. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலையில் சுமந்துகொண்டு அலுவலர்கள் ஏறுவார்கள். நோயாளியைத் தொட்டில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்க்காரர்கள் இறங்குவார்கள், அதே ஒற்றையடிப் பாதையில்.