ரூட்டரும் நியூட்டனின் மூன்றாம் விதியும்

காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களில் நடந்து சென்றால் வீடுகளுக்குள்ளிருந்து தறியோசை கேட்கும். நாடா இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் மாறி மாறி ஓடும். எத்திசையில் ஓடினாலும் பட்டு நெய்யப்படும். இதே ஊரில், கதவும் நிலையும் செய்யும் தச்சுப் பட்டறைகளில் இப்பொழுது வேறோர் ஓசையும் கேட்கிறது. அது ரூட்டர் என்னும் இயந்திரத்தின் இரைச்சல். நாடாவைப் போல இதனை இருபுறமும் ஓட்டலாகாது. ஏன் என்று காண்போம்.

சுழலும் உளி

ரூட்டர் என்பது கையால் பிடித்து நகர்த்தும் ஒரு மின் மோட்டார். அதன் தண்டின் கீழ்முனையில் காலெட் என்னும் பிடியும், அதனுள் பிட் என்னும் வெட்டலகும் இருக்கும். கண்ணாடி பதிக்கக் காடி எடுப்பது, கீலுக்குப் பள்ளம் எடுப்பது, பலகை விளிம்பை உருட்டுவது ஆகியவற்றை இது சில நிமிடங்களில் முடித்துவிடும். புதிதாகப் பழகுவோருக்கு ட்ரிம்மர் எனப்படும் சிறிய வகை போதுமானது.

இவ்வியந்திரங்கள் நிமிடத்துக்குச் சுமார் 10,000 முதல் 30,000 சுற்றுகள் வரை சுழல்கின்றன. 12 மி.மீ. விட்டமுள்ள பிட் 24,000 சுற்றில் ஓடுவதாகக் கொள்வோம். அதன் விளிம்பு வினாடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் செல்லும். அதே சுற்றில் 50 மி.மீ. பிட்டை ஓட்டினால் விளிம்பின் வேகம் மணிக்கு 226 கி.மீ. ஆகிவிடும்! பெரிய பிட்டுக்குச் சுற்றைக் குறைக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே. முன்சொன்ன சிறிய பிட்டின் விளிம்பிலுள்ள முடுக்கம்கூடப் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறத்தாழ 3,800 மடங்காகும். காலெட் தளர்ந்திருந்தால் என்ன நேரும் என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

திசையின் இரகசியம்

சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுப் புத்தக அலமாரிக்காக ஒரு தேக்குப் பலகையின் விளிம்பை உருட்ட முற்பட்டேன். பலகை என் முன்னே கிடந்தது. என் பக்கத்து விளிம்பில் ட்ரிம்மரை வைத்து, வலமிருந்து இடமாக நகர்த்தினேன். மறுகணம் அது என் பிடியை மீறி இடப்புறமாகப் பாய்ந்தது. ஒரு கணம் முன்புவரை என் இடக்கை ஊன்றியிருந்த இடத்தில் ஆழமான கீறல் விழுந்தது. கை தப்பியது தற்செயலே. வகுப்பில் ஆண்டுதோறும் நியூட்டனின் மூன்றாம் விதியை நடத்தும் நான், அதனைக் கையில் பிடித்திருந்தபோது மறந்துவிட்டேன்!

மேலிருந்து பார்த்தால் பிட் வலஞ்சுழியாகச் சுழல்கிறது. என் முன்னிருந்த விளிம்பில் அதன் பல் மரத்தை வலப்புறம் தள்ளுகிறது. எனவே மரம் பிட்டை இடப்புறம் தள்ளுகிறது. நாம் வலப்புறமாக நகர்த்தினால் இந்த எதிர்விசை நம்மைத் தடுக்கும். இயந்திரம் நம் கட்டுக்குள் இருக்கும். இடப்புறமாக நகர்த்தினாலோ, எதிர்விசை நாம் தள்ளும் திசையிலேயே சேர்ந்துகொள்ளும். பிட் ஒரு வண்டிச் சக்கரம் போல விளிம்பைப் பற்றி ஓடிவிடும்.

இதனை நினைவில் வைக்கக் கோயில் நகரத்தார்க்கு ஓர் எளிய வழி உண்டு. கோயிலை வலம் வரும்போது சந்நிதி நம் வலக்கைப் பக்கம் இருக்கும். ரூட்டருக்கு இது நேர்மாறு. நகரும் திசைக்கு இடப்பக்கமே மரம் இருக்க வேண்டும். ஆகவே பலகையின் வெளி விளிம்பை இடஞ்சுழியாகவும், சட்டத்தின் உள் விளிம்பை வலஞ்சுழியாகவும் சுற்றுவோம். இவ்விதி கையால் பிடித்து ஓட்டும் இயந்திரத்துக்கே உரியது. மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்திய ரூட்டரில் மரத்தைத்தான் நகர்த்துகிறோம். அங்கே நம் முன்னுள்ள மரத்தை வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும்.

கருகுவது ஏன்?

அஞ்சி அஞ்சி மிக மெதுவாக நகர்த்துவதும் தவறு. இரு வெட்டு விளிம்புள்ள பிட் 24,000 சுற்றில் நிமிடத்துக்கு 48,000 முறை மரத்தைக் கடிக்கிறது. நிமிடத்துக்கு 3 மீட்டர் நகர்த்தினால் ஒவ்வொரு கடியும் 1/16 மி.மீ., ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். 1 மீட்டர் மட்டுமே நகர்த்தினால் அது 1/48 மி.மீ. ஆகிவிடும். அப்போது பிட் வெட்டுவதற்குப் பதில் தேய்க்கும். உராய்வு வெப்பத்தால் மரம் கருகும், பிட்டும் மழுங்கும்.

தொடங்கும் முன்

பிட்டை மாற்றும்போது மின்செருகியைப் பிடுங்கிவிடுங்கள். பிட்டை அடிவரை செருகி, 2 மி.மீ. வெளியே இழுத்து, பிறகு இறுக்குங்கள். பலகையைக் கையால் பிடிக்காமல் கிளாம்ப் கொண்டு மேசையோடு பிணையுங்கள். அப்போதுதான் இரு கைகளும் இயந்திரத்துக்குக் கிடைக்கும். 6 மி.மீ. பிட்டால் ஒரே ஓட்டத்தில் ஆழமாக வெட்டாமல், 3 மி.மீ. அளவாகப் பலமுறை வெட்டுங்கள். நான்கு விளிம்புகளையும் உருட்டுவதானால், ரேகைக்குக் குறுக்கான விளிம்புகளை முதலில் முடியுங்கள். மூலையில் சிம்பு பெயர்ந்தாலும் அடுத்த ஓட்டத்தில் அது மறைந்துவிடும்.

கண்ணாடியும் காதடைப்பானும் முகமூடியும் அவசியம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தியுள்ளது. நாள்தோறும் பட்டறையில் நிற்பவர்களுக்கு இது சிறு செய்தியன்று.

முதல் நாளில் நல்ல பலகையைத் தொடாதீர்கள். ஒரு கழிவுத் துண்டைப் பிணைத்து, பிட் சுழலும் திசையை அதன் மீது பென்சிலால் அம்புக்குறியாக வரையுங்கள். மரம் இடப்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே விசையை அழுத்துங்கள்.